கொட்டுவது மலிவாக இருக்கும் வரை

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, கடந்த ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜனவரிக் கடைசியிலேயே அறிவிக்கை செய்துவிட்டது. நாளிதழ்கள் எல்லாம் நான்கு தொட்டிகளைப் பற்றித்தான் எழுதின. ஈரக்குப்பை, உலர்குப்பை, நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்குத் தனி, பெயிண்ட் டப்பா, பல்பு, மருந்து போன்றவற்றுக்குத் தனி. இல்லத்தரசிகள் பாடு திண்டாட்டம் என்று ஒரு கேலிச்சித்திரமும் வந்தது. என் கண்ணில் பட்டது வேறு ஒரு பிரிவு. தரம் பிரிக்காத குப்பையைக் கிடங்குக்கு அனுப்பும் மாநகராட்சியோ நகராட்சியோ அதற்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்; அந்தக் கட்டணம், குப்பையைப் பிரித்து, ஏற்றிச் சென்று, உரமாகவோ வேறு பொருளாகவோ மாற்ற ஆகும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்கிறது அது.

முப்பத்து மூன்று வருடம் வங்கியில், அதிலும் பெரும்பகுதி கடன் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஒருவர் எந்தப் பக்கம் நடப்பார் என்பதை அவர் பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் செலவு குறைவு என்று பார்த்தால் சொல்லிவிடலாம். இதுவரை நம் ஊர்களில் கொட்டுவது மலிவு, பிரிப்பது செலவு. அதனால் கொட்டினார்கள். 'நமக்கு நாமே', 'தூய்மை நகரம்' என்று சுவரில் எத்தனை எழுதினாலும் லாரி குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

இதில் உழவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த லாரியில் இருப்பதில் ஏறக்குறைய பாதி நம் நிலத்துக்கு வரவேண்டிய பொருள். காய்கறித் தோல், பூ, சோறு, இலை. நாம் அனுப்பிய விளைச்சலின் மீதி. அது பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் கலந்து கொடுங்கையூருக்குப் போய் மலையாகிறது. இங்கே நாம் எரு கிடைக்கவில்லை என்று ஒரு டிராக்டர் லோடுக்கு அலைகிறோம்.

அந்த மலையின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழைய குப்பை சுமார் 66 லட்சம் டன். அதைத் தோண்டி, சலித்து, பிரித்து அப்புறப்படுத்த ஒதுக்கியிருக்கும் தொகை சுமார் 640 கோடி ரூபாய். வகுத்தால் டன்னுக்கு 960 ரூபாயைத் தாண்டுகிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7வது மண்டலமானதிலிருந்து எங்கள் தெருக் குப்பையும் அந்த மலைக்குத்தான் போகிறது. பெருங்குடியில் இன்னொரு 350 கோடி. அங்கே 2022 ஏப்ரலில் மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கொட்டிய அன்று யாரும் கட்டாத கட்டணம், இருபது முப்பது வருடம் கழித்து இப்படி வந்து நிற்கிறது. நாங்கள் இதை வாராக்கடன் என்போம். கடன் வாங்கிய அதிகாரி ஓய்வுபெற்றுப் போயிருப்பார், கட்டுவது அவர் பேரன்.

இன்னொரு விநோதம். கட்டணம் என்ற ஒரே சொல்லுக்கு வெளிநாட்டில் ஒரு பொருள், இங்கே நேர் எதிரான பொருள். பிரிட்டனில் 1996இல் குப்பை புதைப்பதற்கு வரி போட்டார்கள். அன்று டன்னுக்கு 7 பவுண்டு. வருடா வருடம் ஏற்றி, இன்று 100 பவுண்டுக்கு மேல். புதைக்க வருபவர் கட்ட வேண்டும். அங்கே குழிக்குப் போகும் குப்பை வெகுவாகக் குறைந்ததற்கு இந்த வரி ஒரு பெரிய காரணம். நம் 2016ஆம் வருட விதிகளில் இருந்த கட்டணத்தைப் படித்தால், அது உள்ளாட்சி அமைப்பு ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பது! குப்பையைப் பதப்படுத்தவோ மீதியைக் கிடங்கில் சேர்க்கவோ அவருக்குத் தரும் ஆதரவுத் தொகை. இங்கே பணம் குப்பையின் பின்னாலேயே ஓடியது. சென்னையில் 2000ஆம் ஆண்டு முதன்முதலாக மூன்று மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்தபோது டன் கணக்கில்தான் கூலி. எடைக்குக் கூலி என்றால் எடை குறைய யார் ஆசைப்படுவார்? ஈரக்குப்பைதான் எடை அதிகம். அதைப் பிரித்து உரக்குழியில் போட்டால் எடைமேடையில் லாரி இளைத்துப் போகும், பில்லும் இளைத்துப் போகும். 2020இல் தெற்கு, மேற்கு மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டு வேலையின் தரத்தை அளந்து பணம் என்று மாற்றினார்கள். அது சரியான திசை. ஆனால் குழிக்குப் போவது மலிவு என்ற அடிப்படை அப்படியே இருந்தது.

வீட்டுக்காரரிடம் வாங்கும் கட்டணத்தையும் இங்கேயே பேசிவிடலாம். சென்னை மாநகராட்சி 2021 ஜனவரி 1 முதல் வீட்டுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, நிறுத்திவைத்தார்கள். பல நகராட்சிகளில் சொத்துவரி ரசீதோடு சேர்த்தே வசூல் நடக்கிறது. நான் கட்டணத்துக்கு எதிரி இல்லை. ஆனால் சமையலறைக் கழிவை மாடித்தோட்டத்தில் மக்கவைக்கும் அம்மாவும் அதே தொகை, எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிந்து வீசுகிறவரும் அதே தொகை என்றால் அது வரி, அவ்வளவுதான். குப்பையைக் குறைக்காது. தென்கொரியாவில் 1995 முதல் குப்பைக்கென்று விற்கும் பையில்தான் போட வேண்டும். பை நிறைய நிறைய காசு. 2005இல் உணவுக் கழிவைப் புதைப்பதற்கே தடை போட்டார்கள். இன்று அங்கே உணவுக் கழிவில் பெரும்பங்கு தீவனமாகவும் உரமாகவும் மாறுகிறது. அவ்வளவு தூரம் நாம் நாளைக்கே போக முடியாது. வீட்டிலேயே மக்கவைப்பவருக்குப் பாதிக் கட்டணம் என்று ஒரு தீர்மானம் போட முடியாதா?

சரி, இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். என் நிலம் திருமழிசைக்கு மேற்கே, மூன்றரை ஏக்கர். கீரை, கத்திரி, வெண்டை, ஒரு பக்கம் நெல். ஊரில் என்னை 'பேங்க் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருடம் முன்பு, பக்கத்து உள்ளாட்சி அமைப்பு ஒன்றிலிருந்து மேற்பார்வையாளர் தம்பி ஒருவர் வந்தார். "சார், நம்ம யார்டுல உரம் ரெடியா இருக்கு. ஃப்ரீ சார். லோடு நாங்களே கொண்டாந்து இறக்கிடறோம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார். கையெழுத்து என்றதும் எனக்குள் இருக்கும் பழைய ஆள் விழித்துக்கொண்டான். முதலில் ஒரு மூட்டை சாம்பிள் கொடுங்கள் என்றேன். வந்தது. பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று, மண்வாசனையோடு அழகாகத்தான் இருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர், "சும்மா வர்ற எருவுக்கு எதுக்கு சார் சல்லடை?" என்று சிரித்தார். பத்து கிலோ நிறுத்து, 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தேன். மேலே நின்றது ஒரு கிலோ முந்நூறு கிராம். ஷாம்பு பாக்கெட், பேனா மூடி, பால் கவர் துண்டு, ட்யூப்லைட் சில்லு, ஒரு ஊசி முனை. கீழே இறங்கியதை வாளித் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்தால் அடியில் நறநறவென்று கண்ணாடித் தூள். பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுல நாத்து பறிக்கிற பொம்பளைங்க கால வைக்கணுமே" என்றார். லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு வருத்தம். அவர் மேல் தவறில்லை. கலந்து வந்த குப்பையை அவர் கையில் கொடுத்து உரமாக்கு என்றால் அவர் என்ன செய்வார்?

கண்ணுக்குத் தெரிவதைச் சல்லடை பிடிக்கும். தெரியாததுதான் ஆபத்து. நகரக் கம்போஸ்டுக்கு அரசே அளவு வைத்திருக்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. காட்மியம் 5, குரோமியம் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. கார்பன் நைட்ரஜன் விகிதம் 20க்குள் இருக்க வேண்டும். பேட்டரி ஒன்று, பழைய பெயிண்ட் டப்பா ஒன்று ஈரக்குப்பையோடு குழிக்குள் விழுந்தால் இந்த அளவு எங்கே நிற்கும்? பூச்சிமருந்தை நிறுத்த நாம் பத்து வருடம் பாடுபட்டு, ஒரு இலவச லோடில் ஈயத்தை இறக்கிக்கொண்டால் அதை மண்ணிலிருந்து எடுக்க வழியே கிடையாது. தழைச்சத்து வரும் போகும். ஈயம் உட்கார்ந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலிக்கும் வேலை இப்போது சென்னையில் மட்டும் இல்லை, ஆவடி மாதிரிப் புறநகர்களிலும் நடக்கிறது. சலிக்கும்போது கீழே விழும் மெல்லிய மண் பார்க்க எரு மாதிரியே இருக்கும். அதைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்துகிறார்கள். யாராவது 'சத்து மண்' என்று வயலுக்குக் கொண்டுவந்தால், கன உலோகம் பார்த்த ஆய்வறிக்கை இல்லாமல் உள்ளே விடாதீர்கள். இருபது வருடம் பேட்டரியோடும் பல்போடும் ஒன்றாகக் கிடந்த மண் அது.

நகரத்துக் குப்பை வயலுக்கு வருவது புதிய யோசனையே இல்லை. அந்தப் பெரியவரே சொல்வார், "எங்க அப்பா காலத்துல வண்டி கட்டிக்கினு போய் பூந்தமல்லிலருந்து குப்பை வாங்கியாருவாரு. காசு குடுத்து". பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆச்சார்யா என்ற அறிவியலாளர் 1939லேயே நகரக் கழிவைக் குழியில் அடுக்கி மக்கவைக்கும் முறையை உருவாக்கினார். அதைத்தான் இன்றும் பெங்களூர் முறை என்கிறோம். அன்றைய குப்பையில் பிளாஸ்டிக் இல்லை, சாம்பலும் சாணமும் இலையும்தான். குப்பைக்கு விலை இருந்த காலம் அது. இன்று இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும்படி ஆக்கியது கலப்படம்.

அதனால் நான் வேறு வழி பார்த்தேன். என் காய்கறி வாரம் இரண்டு நாள் அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறது. 64 வீடுகள். டெம்போ திரும்பும்போது காலியாகத்தானே வருகிறது? மூடிபோட்ட டிரம்களைக் கொடுத்து, ஈரக்கழிவு மட்டும் போடுங்கள், மேலே ஒரு கை காய்ந்த இலைத்தூள் தூவுங்கள் என்றேன். சங்கச் செயலாளர் அம்மா கண்டிப்பானவர். முதல் மாதம் எவர் வீட்டு பக்கெட்டில் பால் கவர் இருந்தது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டார். சண்டை வந்தது. இரண்டாம் மாதம் பால் கவர் வரவில்லை. நாளைக்கு 40 கிலோ அளவில் சேர்கிறது, வாரத்துக்கு 280 கிலோ. இங்கே கொண்டுவந்து காய்ந்த சருகும் ஈரக்கழிவும் மாற்றி மாற்றி அடுக்கி, மாட்டுச் சாணக் கரைசல் தெளித்து, பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போடுகிறேன். குவியலுக்குள் கம்பியைச் செருகி எடுத்தால் கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு ஏறாவிட்டால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகு சேருங்கள். எழுபது எழுபத்தைந்து நாளில் எரு. எடையில் முப்பது சதவீதம் தேறும்.

வருடத்துக்குப் பார்த்தால் நாலே கால் டன். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது நாம் எல்லோரும் அறிந்த பரிந்துரை. அதாவது 64 வீடு சேர்ந்து என் ஒரு ஏக்கருக்கே முழுதாகப் போதவில்லை. கடலில் கரைத்த பெருங்காயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 75 வீட்டுக்கு ஒரு ஏக்கர். ஒரு லட்சம் வீடுகள் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தால் 1,300 ஏக்கருக்கு எரு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் என்று சேர்த்தால் வீடுகளுக்குக் குறைச்சல் இல்லை. அதைத் தனி ஆள் டெம்போ வைத்துச் செய்ய முடியாது. உள்ளாட்சி அமைப்புதான் செய்ய முடியும். கொட்டுவதைவிடப் பிரிப்பது மலிவு என்று ஆனால்தான் அது செய்யும். அதனால்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பிரிவு எனக்கு முக்கியமாகப்படுகிறது.

ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன், எண்கள் என் கற்பனை. பிரித்து உரமாக்க டன்னுக்கு 1,000 ரூபாய் ஆகிறது, கிடங்கில் கொட்ட 400 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணையர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தணிக்கைக்காரர் 400 பக்கம்தான் கையைக் காட்டுவார். கொட்டுவதை 1,500 ஆக்குங்கள். அதே தணிக்கைக்காரர், உரக்கூடத்தில் ஏன் ஆள் போடவில்லை என்று கேள்வி எழுதுவார். ஆணையர் மாறினாலும் அந்தக் கேள்வி மாறாது.

கொடுங்கையூரில் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்று ஒரு திட்டமும் ஓடுகிறது. அந்தப் பகுதி மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். எரிப்பதற்குத் தினமும் தீனி வேண்டும். குப்பை குறைந்தால் ஆலைக்கு நட்டம். எடைக்குக் கூலி கொடுத்த அதே கதை வேறு வேடத்தில். ஈரக்குப்பை எரியவும் எரியாது.

ஆனால் ஒரு பயம் எனக்கு உண்டு, அதை நாம் இப்போதே பேசியாக வேண்டும். கொட்டும் கட்டணம் ஏறினால் குப்பை எங்கே போகும்? ஒழுங்கானவர் பிரிப்பார். ஒழுங்கற்றவர் இரவு பதினொரு மணிக்கு டிராக்டரைக் கிராமத்துப் பக்கம் திருப்புவார். ஏரிக்கரை, கூவம் ஓரம், தரிசாகக் கிடக்கும் நம் நிலம். கட்டணம் இல்லாத காலத்திலேயே இது நடக்கிறது. வெளிவட்டச் சாலை ஓரம் மாடுகள் எதைத் தின்கின்றன என்று பார்த்தாலே போதும். பிரிட்டனிலும் வரி ஏற ஏற, திருட்டுத்தனமாகக் கொட்டுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. கட்டணத்தின் கூடவே எடைமேடைக் கணக்கும் ரோந்தும் இல்லாவிட்டால், நகரத்தின் சேமிப்பு கிராமத்தின் தலையில் விடியும்.

இதற்கு முன்னுதாரணம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்குப் புறநகர் நகராட்சிகளின் குப்பைக்கெல்லாம் சேர்த்து ஒரு கிடங்கு என்று முன்பு குத்தம்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊரின் மேய்க்கால் நிலம் அது. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில். மழை பெய்தால் குப்பையின் கசிவுநீர் சென்னை குடிக்கும் தண்ணீருக்குத்தான் போகும். ஊராட்சித் தலைவராக 1996 முதல் பத்து வருடம் இருந்த இளங்கோ ரங்கசாமியின் ஊர் என்பதால் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். கிடங்கு வரவில்லை. இப்போது அந்த ஊரில் பேருந்து முனையம் எழுந்திருக்கிறது. அன்று அவர்கள் கேட்டது எளிய கேள்வி: உங்கள் ஊர்க் குப்பையை உங்கள் ஊரிலேயே பிரித்தால் எங்கள் மேய்ச்சல் நிலம் எதற்கு?

வரும் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. எங்கள் வட்டார இயக்கத் தோழர்கள் ஒரு மனு தயாரித்திருக்கிறோம். முதலில், எங்கள் ஊராட்சியைச் சுற்றியுள்ள நகராட்சி, மாநகராட்சிகள் கிடங்குக்கு அனுப்பும் குப்பையின் எடைமேடைப் பதிவேட்டை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், பிரித்தது எவ்வளவு, பிரிக்காதது எவ்வளவு என்று தனித்தனியாக. வங்கியில் தினசரிப் பேரேடு முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை, இவர்களாலும் முடியும். அடுத்து, கொட்டும் கட்டணமாக வசூலாகும் தொகை பொதுக் கணக்கில் கரையாமல், ஈரக்குப்பையைத் தனியாக எடுக்கும் வண்டிக்கும், பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களின் கூலிக்கும், கையுறை காலணிக்கும் போக வேண்டும். நாள் முழுக்க நம் எச்சிலைக் கையால் பிரிப்பவர்கள் அவர்கள். எரு நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் அவர்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக உரம். உரக்கூடத்திலிருந்து உழவருக்குத் தரும் ஒவ்வொரு தொகுதிக்கும் கன உலோக ஆய்வறிக்கை இணைக்க வேண்டும். பிரித்து வாங்கிய ஈரக்குப்பையில் செய்தது என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இந்த முறை அவர்களுடையது. அப்படி வரும் எருவுக்கு டன்னுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இலவசம்தான் வேண்டும் என்கிறார்கள் சிலர். விலை கொடுத்து வாங்கினால்தான் தரம் கேட்க முடியும் என்கிறேன் நான். சலித்துக் கொடுத்தால் 1,000 ரூபாய் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து நிலத்துப் பெரியவர். ஆனால் வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் சல்லடை தன் கையில் இருக்க வேண்டுமாம்.